கல்லூரி நூலகத்துக்கு மென்பொருள்: எதை நாமே எழுதுவது, எதை எழுதாமல் விடுவது?

கல்லூரி நூலகத்துக்கு நவீனமாக ஒரு டிஜிட்டல் மேலாண்மை அமைப்பு வேண்டும் என்று பேச்சு எழுந்தாலே போதும், கணினித் துறையிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: “இதென்ன பெரிய வேலை, நம்ம பசங்களே ஒரு செமஸ்டர்ல முடிச்சிடுவாங்க.” நூலகர், வேறு கல்லூரிகளில் கோஹா என்ற இலவச நூலக மென்பொருள் ஓடுகிறது, அதையே போட்டுவிடலாம் என்பார். நிர்வாகமோ ஏதாவது ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டு விலைப்பட்டியல் வாங்கிவிட்டால் தலைவலி விட்டது என்று நினைக்கும். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் மூன்று பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகத்தை இரவல் கொடுத்து வாங்கும் மையப் பகுதியை நீங்கள் எழுதாதீர்கள், ஓப்பன் சோர்ஸில், அதாவது மூலக் குறியீடு எல்லாருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்களில், இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி உங்கள் கல்லூரிக்கே உரிய சில வேலைகள் இருக்கும், அவற்றை மட்டும் எழுதுங்கள். விதிவிலக்குகள் உண்டு, வரும் இடத்தில் சொல்கிறேன்.

“டிஜிட்டல் நூலகம்” என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அலமாரியில் இருக்கும் அச்சுப் புத்தகங்களைப் பட்டியலிட்டு இரவல் தருவது ஒன்று. கல்லூரியிலேயே உருவாகும் ஆய்வேடுகள், பழைய வினாத்தாள்கள், மலர்கள், ஸ்கேன் செய்த அரிய நூல்கள் ஆகியவற்றைச் சேமித்துத் தேடித் தருவது இன்னொன்று. சந்தா கட்டி வாங்கும் மின்னிதழ்களையும் மின்னூல்களையும் வளாகத்துக்கு வெளியிலிருந்தும் படிக்க வழிசெய்வது மூன்றாவது. முதல் வேலைக்குக் கோஹா, ஃபோலியோ, எவர்கிரீன் போன்றவை; இரண்டாவதுக்கு டிஸ்பேஸ் போன்றவை; மூன்றாவதுக்குப் பெரும்பாலும் உள்நுழைவு ஏற்பாடும், வெளியே இருப்பவரை வளாகத்துக்குள் இருப்பவராகக் காட்டும் பிராக்ஸி சர்வரும்தான். மூன்றையும் ஒரே மென்பொருள் செய்யும் என்று யாராவது விற்க வந்தால், மூன்றில் எதை அவர்கள் உண்மையாகவே நன்றாகச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே பாதியாகக் குறைந்துவிடும்.

நாமே எழுதினால்

மாணவர் புராஜெக்டாக எழுதப்படும் நூலக மென்பொருள் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். புத்தகம், உறுப்பினர், இரவல் என்று மூன்று அட்டவணை, மேலே அழகான ஒரு டாஷ்போர்டு, உள்நுழைவுப் பக்கம். செயல்முறை காட்டும் நாளில் அருமையாக ஓடும். கவுண்டரில் உட்கார வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கழலும்.

முதலில் கழல்வது “புத்தகம்” என்ற அட்டவணையே. ஒரு தலைப்பு, அதற்குப் பல பதிப்புகள், ஒவ்வொரு பதிப்புக்கும் பல பிரதிகள், ஒவ்வொரு பிரதிக்கும் தனிச் சேர்க்கை எண், தனி பார்கோடு, தனி நிலைமை. ஒரு பிரதி பைண்டிங்குக்குப் போயிருக்கும், ஒன்று காணவில்லை, ஒன்று வெளியே தரக்கூடாத குறிப்புதவிப் பிரதி, ஒன்று துறை நூலகத்தில் இருக்கும். தலைப்பையும் பிரதியையும் பிரிக்காமல் எழுதிவிட்டு அப்புறம் பிரிக்கப் போனால், எழுதிய குறியீட்டில் பெரும்பகுதியைத் திரும்பத் தொட வேண்டிவரும்.

அடுத்தது முன்பதிவு. ஒரு மாணவர் ஒரு தலைப்புக்கு முன்பதிவு செய்திருக்கிறார், எந்தப் பிரதி வந்தாலும் சரி. ஒரு பிரதி திரும்பி வருகிறது, கவுண்டரில் அதை உள்ளே வாங்குகிறார்கள், அதே நொடியில் இன்னொரு கவுண்டரில் வேறொருவர் அதே தலைப்பின் அலமாரிப் பிரதியை எடுத்துக்கொண்டு வருகிறார். முன்பதிவு எந்தப் பிரதியைப் பிடிக்க வேண்டும்? இரண்டு திரைகளும் ஒரே வரிசையைப் படித்துவிட்டு இரண்டுமே “இருக்கிறது” என்று சொன்னால் என்ன ஆகும்? தரவுத்தளப் பரிவர்த்தனை, பூட்டு, தனித்தன்மைக் கட்டுப்பாடு இதெல்லாம் பாடத்தில் படித்ததுதான். ஆனால் ஒரே ஆள் ஒரே கணினியில் சோதிக்கும் புராஜெக்டில் இந்தத் தவறு வெளியே தெரியவே தெரியாது.

தாமதக் கட்டணம் எளிதாகத்தான் தோன்றும்: நாட்களைக் கழித்து வீதத்தால் பெருக்கு. சரி, நடுவில் விடுமுறை நாட்கள்? திருப்ப வேண்டிய தேதியே விடுமுறையில் விழுந்தால்? கல்வியாண்டு நடுவில் விதி மாறினால், ஏற்கெனவே வெளியே போன புத்தகங்களுக்குப் பழைய விதியா புதிய விதியா? தொலைந்தது என்று மாணவர் விலையைக் கட்டிவிட்டார், மூன்று மாதம் கழித்து விடுதிக் கட்டிலுக்கு அடியில் அதே புத்தகம் கிடைத்துவிட்டது, இப்போது கணக்கில் என்ன எழுதுவது? ஆசிரியருக்கு ஒரு வரம்பு, முதுகலைக்கு ஒன்று, இளங்கலைக்கு ஒன்று, பகுதிநேர ஆய்வாளருக்கு இன்னொன்று. இதை உறுப்பினர் வகை, பொருள் வகை, கிளை என்று மூன்று பக்கமும் குறுக்கே பெருக்கினால் விதிகளின் அட்டவணை ஒன்று தேவைப்படும். அதைக் குறியீட்டுக்குள் இஃப்-எல்ஸாக எழுதியிருந்தால், அடுத்த ஆண்டு விதி மாறும்போது எழுதின மாணவர் எங்கேயோ வேலைக்குப் போயிருப்பார்.

பருவ இதழ்களை நான் தொடவே இல்லை, கவனித்தீர்களா. ஒரு காலாண்டிதழின் எந்த இதழ் எப்போது வரவேண்டும், வராவிட்டால் யாருக்கு நினைவூட்டுவது, சேர்ந்த இதழ்களை ஒரு தொகுதியாகக் கட்டி அதை ஒரு பொருளாக எப்படிப் பதிவது, இதைச் செய்யும் மாணவர் புராஜெக்ட் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

அப்புறம் மார்க். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 1960களில் பிறந்த இந்தப் பதிவு வடிவம் 1999இல் மார்க் 21 என்று ஆனது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், 245 என்றால் தலைப்பு, 100 என்றால் முதன்மை ஆசிரியர், 020 என்றால் ஐஎஸ்பிஎன் என்று எண்களாகவே பேசும். புதிதாக எழுதுபவர்கள் எல்லாரும் இதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, நாமே ஜேசன் என்ற எளிய தரவு வடிவில் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஐஎஸ்பிஎன்னை ஸ்கேன் செய்ததும் இசட்39.50 என்ற நூலகத் தேடல் நெறிமுறை வழியாக வேறொரு பெரிய நூலகத்திலிருந்து முழுப் பதிவையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும் வசதி கையை விட்டுப் போகும், நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறும் வழியும் அடைபடும். ஒரு புத்தகத்தைக் கையால் முழுசாகப் பட்டியலிடுவதற்கும் ஏற்கெனவே இருக்கும் பதிவை நகலெடுத்துச் சரிபார்ப்பதற்கும் எவ்வளவு நேர வித்தியாசம் என்று எந்த நூலகரைக் கேட்டாலும் சொல்வார்.

இவ்வளவு சொன்னாலும் சொந்தமாக எழுதுவது சரியாக வரும் இடங்கள் உண்டு. சில ஆயிரம் புத்தகம் மட்டும் இருக்கும் ஒரு துறை நூலகம், அபராதம் கிடையாது, ஒரே வகை உறுப்பினர், யார் எதை எடுத்துப் போனார் என்று தெரிந்தால் போதும் என்றால், ஒரு சின்ன வலைச் செயலி தாராளமாகப் போதும். கற்பதற்காக எழுதுவதும் நல்லதே. நிரந்தர வேலையில் இருக்கும் நிரலாளர்கள் கல்லூரியிலேயே இருந்து, ஐந்து ஆண்டுக்கு இதைப் பராமரிப்பது அவர்கள் பணி என்று எழுத்தில் இருந்தால் பெரிய அளவிலும் யோசிக்கலாம். அந்தக் கடைசி நிபந்தனை பெரும்பாலான இடங்களில் நிறைவேறாது.

கோஹா

நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை வைத்திருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டுமா என்ற பயம் இருந்தது. அதற்காகக் கட்டிப்போ என்ற நிறுவனம் 1999இல் புதிதாக ஒன்றை எழுதிக் கொடுத்தது, 2000 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது, ஓப்பன் சோர்ஸாகவும் வெளியிட்டார்கள். அதுதான் கோஹா. மேலே நான் புலம்பிய முன்பதிவு, விடுமுறை நாட்காட்டி, விதி அட்டவணை, தொலைந்து கிடைத்த புத்தகம், பருவ இதழ் எல்லாவற்றுக்கும் அதில் விடை இருக்கிறது. யாரோ மேதைகள் உட்கார்ந்து யோசித்ததால் வந்ததல்ல, உலகெங்கும் நூலகர்கள் கவுண்டரில் இடித்துக்கொண்டு பிழையறிக்கை எழுதி எழுதி வந்தது.

ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பரிலும், புதுப் பதிப்பு வரும். எண்ணே அதைச் சொல்லிவிடும், 24.05, 24.11 என்று. ஓடுவதற்கு டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் சர்வர், மரியாடிபி தரவுத்தளம்; எழுதியிருப்பது பெர்ல் நிரல்மொழியில். பெர்ல் என்றதும் இளைய நிரலாளர்கள் பின்வாங்குவார்கள். ஆனால் கோஹாவைப் பயன்படுத்த பெர்ல் தெரிய வேண்டியதில்லை. லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரும், தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் ஓரளவு எழுதத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும், ஏனென்றால் அறிக்கைகளை எஸ்க்யூஎல்லிலேயே எழுதிச் சேமித்து வைக்கலாம். ஆய்வுக்குழு வந்து “கடந்த ஐந்து ஆண்டில் துறைவாரியாக எத்தனை இரவல்” என்று கேட்கும் நாளில் இது எவ்வளவு பெரிய வசதி என்று புரியும்.

குறைகளும் உண்டு. பொதுப் பயனர் பார்க்கும் பக்கம் இயல்பாகவே கொஞ்சம் பழைய தோற்றம்தான். அமைப்புகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகும், முதல் வாரம் நூலகருக்குத் தலை சுற்றும். விண்டோஸ் சர்வர்தான் வைத்திருக்கிறோம் என்றால் இது உங்களுக்கு ஒத்துவராது, மெய்நிகர் இயந்திரத்தில் லினக்ஸ் போட்டே ஆக வேண்டும். பதிப்பு உயர்த்தாமல் விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஒருவர் வந்து நிறுவிக் கொடுத்துவிட்டுப் போவார், அதே பதிப்பு ஆண்டுக்கணக்கில் தூசி படிந்து ஓடிக்கொண்டிருக்கும். இலவசம் என்ற சொல்லைக் கேட்டு நிர்வாகம் சந்தோஷப்படும்போதே, பராமரிப்புக்கு ஓர் ஆள் அல்லது ஓர் ஆதரவு ஒப்பந்தம் வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

தமிழ்ப் புத்தகங்கள் இருந்தால்

ஒப்பீட்டு அட்டவணைகளில் “யூனிகோடு ஆதரவு: ஆம்” என்று ஒரு வரி இருக்கும். அந்த “ஆம்” எதையுமே சொல்லவில்லை. தமிழ் எழுத்து திரையில் தெரிவது வேறு, தேடினால் கிடைப்பது வேறு.

பௌதிகம் என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் ‘பௌ’ என்று ஔகாரக் குறியோடு அடிப்பார்கள், சிலர் ‘பெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு இரண்டும் முற்றிலும் வேறு சொற்கள். ‘ொ’ என்ற குறியைக்கூட ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ‘ெ’யும் ‘ா’வும் சேர்த்த இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். இந்த இரண்டாவது சிக்கலை யூனிகோடு இயல்பாக்கம் தீர்த்துவிடும், உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்றிவிட்டால் போதும். முதல் சிக்கலை அது தீர்க்காது, ஏனென்றால் ‘ள’ என்பது உண்மையான ஒரு மெய்யெழுத்து, இயல்பாக்கம் அதைத் தொடாது. பழைய பட்டியலைக் கொண்டுவரும்போதே ‘கெளரவம்’, ‘பெளத்தம்’, ‘பெளதிகம்’ மாதிரி சொற்களைத் தேடிப் பிடித்துத் திருத்த ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதத்தான் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா ‘ெள’வையும் மாற்றவும் முடியாது, தெள்ளிய என்பதில் வருவது நிஜமான ளகரம்.

அகர வரிசையிலும் இதே கதைதான். யூனிகோடு அட்டவணையில் ‘ன’ இருப்பது ‘ந’வுக்கு அடுத்து, ‘ற’ இருப்பது ‘ர’வுக்கு அடுத்து. அதன் எண் வரிசைப்படி அடுக்கினால் மனையியல் முன்னால் வரும், மருத்துவம் பின்னால் போகும். தமிழ் அகராதி வரிசையில் இது தலைகீழ். சொந்தமாக எழுதுகிறவர்கள் ஐசியு என்ற, யூனிகோடு வேலைகளுக்கான நிரல் நூலகத்தின் தமிழ் வரிசை விதியைப் போட வேண்டும். (நிரலாளர்களும் நூலகம் என்ற சொல்லையே பயன்படுத்துவது இந்தக் கட்டுரையில் எனக்குப் பெரிய தொந்தரவாக இருக்கிறது.) கோஹாவில் ஜீப்ரா என்ற தேடுபொறி இயல்பாக வரும், அதன் எழுத்து அட்டவணை தமிழுக்குப் போதாது, ஐசியு முறைக்கு மாற்றி முழுப் பட்டியலையும் மறுபடி இண்டெக்ஸ் செய்ய வேண்டும். அல்லது எலாஸ்டிக்சர்ச் என்ற இன்னொரு தேடுபொறிக்கு மாறி அதில் ஐசியு செருகியைப் போடலாம், சர்வரில் நினைவகம் கூடுதலாகத் தேவைப்படும்.

இன்னொன்று, மாணவர்கள் பாதிப் பேர் தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள். அவர்களைத் திருத்தும் வேலை நம்முடையது இல்லை. மார்க்கில் 880 என்ற புலம் இருக்கிறது, ஒரே தலைப்பை இன்னொரு எழுத்து வடிவிலும் பதிந்து வைக்கவே அது உள்ளது. தமிழ்த் தலைப்போடு ரோமன் வடிவத்தையும் சேர்த்துப் பதிந்தால் இரண்டு வழியிலும் கிடைக்கும். வேலை இரட்டிப்பாகும் என்பது உண்மை, ஆனால் எழுத்துப்பெயர்ப்பைத் தானாகச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, நூலகர் கண்ணால் சரிபார்த்துவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். கல்லூரியில் இருக்கும் நிரலாளர்கள் நேரத்தைச் செலவிட வேண்டியது இந்த மாதிரி இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன், மறுபடியும் ஓர் உள்நுழைவுப் பக்கம் எழுதுவதில் அல்ல.

ஸ்கேன் செய்த தமிழ் நூல்களுக்கு டெசராக்ட் என்ற ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) உண்டு, 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்பு வலை முறைக்கு மாறியது. தெளிவான அச்சு, 300 டிபிஐக்குக் குறையாத ஸ்கேன் என்றால் தேடலுக்குப் பயன்படும் அளவு உரை கிடைக்கும். பழைய ஈயத்தட்டு அச்சு, சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிய ஆய்வேடுகளின் பிடிஎஃப்கள் இன்னொரு தலைவலி, பார்க்க அழகாக இருக்கும், உரையைத் தேடினால் ஒன்றுமே வராது. அவற்றைப் படமாக மாற்றி மறுபடி ஓசிஆர் ஓட்டுவது பல நேரம் எழுத்துரு மாற்றியோடு மல்லுக்கட்டுவதைவிடச் சீக்கிரம் முடியும்.

ஃபோலியோவும் எவர்கிரீனும்

ஃபோலியோ 2016இல் அறிவிக்கப்பட்டது, நவீனக் கட்டமைப்பு என்றால் இதுதான், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக இயங்கும் சிறு நிரலான நுண்சேவை, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், மற்ற மென்பொருள்கள் இதோடு பேசும் வழியான நல்ல ஏபிஐ. முதலில் இதில் இயங்கத் தொடங்கியது சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகம், 2019இல். வடிவமைப்பைப் படித்தால் நிரலாளர்களுக்கு ஆசை வரும். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு தனிக் கல்லூரியில் டஜன் கணக்கான கண்டெய்னர்களை (இந்த நுண்சேவைகள் ஓடும் தனித்தனிப் பொதிகளை) எழுப்பி, கண்காணித்து, ஒவ்வொரு பதிப்புக்கும் சேர்த்து உயர்த்த ஆள் வேண்டும். பல்கலைக்கழகக் கணினி மையம் இருந்தால் சரி. எவர்கிரீன் 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொது நூலகங்களுக்காக வந்தது, பல நூலகங்கள் ஒரே பட்டியலைப் பகிரும் கூட்டமைப்புக்கு ஏற்றது. ஒரு வளாகத்துக்கு அது தேவையில்லை.

விலைக்கு வாங்கினால்

எக்ஸ் லிப்ரிஸ் நிறுவனத்தின் ஆல்மா போன்ற மேகச் சேவைகளில் சர்வர் கவலை இல்லை, மின்வளங்களையும் அச்சுப் புத்தகங்களையும் ஒரே இடத்தில் கையாளலாம், மூன்றாவது வேலையான மின்னிதழ் நிர்வாகத்தில் இவை உண்மையாகவே பலமானவை. சந்தா இதழ்கள்தான் உங்கள் செலவில் பெரும்பகுதி என்றால், விலை கட்டுப்படியாகும் என்றால், இதைப் புறந்தள்ளாதீர்கள்.

என் தயக்கம் வேறு இடத்தில். நிறுவனங்கள் கைமாறும். எக்ஸ் லிப்ரிஸை புரோக்வெஸ்ட் வாங்கியது, 2020இல் எக்ஸ் லிப்ரிஸ் தன் போட்டியாளரான இன்னோவேட்டிவ்வை வாங்கியது, 2021இல் புரோக்வெஸ்ட்டையே கிளாரிவேட் வாங்கியது. இன்னோவேட்டிவ் வேண்டும் என்று யோசித்துத் தேர்ந்தெடுத்த நூலகங்கள் எதுவுமே செய்யாமல் எக்ஸ் லிப்ரிஸின் வாடிக்கையாளர்களாகிவிட்டன. இதில் யார்மேலும் குற்றமில்லை, வணிகம் அப்படித்தான். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே வெளியே வரும் வழியைக் கேளுங்கள்: நூல் பதிவுகள் மார்க்கில் வருமா, பிரதி விவரமும் சேர்க்கை எண்ணும் அதோடு வருமா, உறுப்பினர்களும் நிலுவையில் உள்ள இரவலும் எந்த வடிவில் தருவார்கள், எத்தனை நாளில் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணமா. சின்ன உள்ளூர் நிறுவனம் என்றால் இதோடு இன்னொரு கேள்வியும் சேரும்: அவர்களின் மென்பொருள் கோஹாவின் மேல் ஒரு புதுச் சட்டையா, சொந்தமாக எழுதியதா? சட்டை என்றால் பிழையில்லை, வெளியேறுவது எளிது. “எக்ஸெல்லில் தருகிறோம்” என்று மட்டும் பதில் வந்தால் வெளியேறுவது கடினம் என்று பொருள்.

ஆய்வேடுகளுக்கு டிஸ்பேஸ்

இரண்டாவது வேலைக்கு வருவோம். எம்ஐடி நூலகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து 2002இல் வெளியிட்டது டிஸ்பேஸ். 2021இல் வந்த ஏழாம் பதிப்பில் முன்பக்கம் முழுக்க ஆங்குலர் என்ற வலை நிரல் கட்டமைப்புக்கு மாறிவிட்டது, பின்னால் ஜாவா, போஸ்ட்கிரெஸ், சோலர் தேடுபொறி. பழைய ஆறாம் பதிப்பை ஒரு சின்ன சர்வரில் ஓட்டியவர்கள் அதே இயந்திரத்தில் இதை ஏற்றினால் மூச்சுத் திணறும். நிலையான ஹேண்டில் முகவரி, ஓஏஐ-பிஎம்எச் வழியாக மற்ற தேடுதளங்கள் பதிவுகளை அறுவடை செய்துகொள்ளும் வசதி, சமர்ப்பித்ததும் வழிகாட்டி ஆசிரியர் ஒப்புதல் தரும் படிநிலை, குறிப்பிட்ட காலம் வரை மறைத்து வைக்கும் தடை, எல்லாம் உண்டு. சில நூறு பிடிஎஃப்தான் இருக்கிறது என்றால் கோஹாவிலேயே பதிவு செய்து இணைப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம், டிஸ்பேஸ் அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாடப்புத்தகங்களை ஸ்கேன் செய்து மாணவர்களுக்கு “டிஜிட்டலாக இரவல்” தரலாம் என்று யோசனை வரும், கையில் ஒரு பிரதி இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தானே தருகிறோம் என்பார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க இணைய நூலகம் இதே வாதத்தை அமெரிக்க நீதிமன்றத்தில் வைத்தது. 2023இல் தோற்றது, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுதான். ஆனாலும் பதிப்புரிமை உள்ள புத்தகத்தைக் களஞ்சியத்தில் ஏற்றும் முன் எழுத்தில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் ஏற்ற விடுகிறது என்பது அனுமதி ஆகாது.

அப்படியானால் எதை எழுதுவது

நிறைய இருக்கிறது. மாணவர் சேர்க்கைப் பட்டியலிலிருந்து உறுப்பினர்களைத் தானாக உருவாக்கி, படிப்பு முடிந்ததும் நிலுவை பார்த்துக் கணக்கை மூடும் இணைப்பு. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆண்டும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர் அடித்துக்கொண்டிருப்பார். அச்சுப் புத்தகம், ஆய்வேடு, மின்னிதழ் மூன்றையும் ஒரே பெட்டியில் தேடித் தரும் பக்கம். கைபேசிக்கு நினைவூட்டல். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் பரிந்துரைத்த நூல் பட்டியலைத் திறந்தால், எது இப்போது அலமாரியில் இருக்கிறது என்று அங்கேயே தெரிவது. இவை எதுவும் ஆயத்தமாக உங்கள் கல்லூரிக்குப் பொருந்துகிற மாதிரி கிடைக்காது, இவற்றில் பிழை வந்தாலும் கவுண்டர் நின்றுபோகாது. மாணவர் புராஜெக்டுக்கு இதைவிட நல்ல களம் இருக்காது.

ஒரே ஒரு விதி: கோஹாவின் ரெஸ்ட் ஏபிஐ வழியாகப் பேசுங்கள், அதன் தரவுத்தள அட்டவணைக்குள் நேராக எழுதாதீர்கள். படிப்பதற்கு நேராகப் போனால்கூட அடுத்த பதிப்பில் புலம் மாறினால் உடையும், எழுதினால் இரவல் கணக்கே குழம்பும். குறியீட்டைக் கிட் என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில் வையுங்கள், அந்தக் கணக்கு கல்லூரியின் பெயரில் இருக்கட்டும், மாணவரின் சொந்தக் கணக்கில் வேண்டாம்.

ஆர்எஃப்ஐடி, அதாவது புத்தகத்தில் ஒட்டிய சில்லை வானலையால் படிக்கும் முறை, பற்றிச் சுருக்கமாக. நெரிசலான கவுண்டர், தானியங்கி இரவல் இயந்திரம், ஆண்டுக்கொருமுறை முழு இருப்புச் சரிபார்ப்பு என்றால் பயன் உண்டு. இல்லாவிட்டால் பார்கோடே போதும். வாங்குவதானால் 13.56 மெகாஹெர்ட்ஸ் சில்லு, அதில் ஐஎஸ்ஓ 28560 தரப்படி எழுதியிருக்க வேண்டும், இயந்திரம் நூலக மென்பொருளோடு சிப்2 என்ற நெறிமுறையில் பேச வேண்டும் என்று கேளுங்கள். சொந்த வடிவில் சில்லில் எழுதும் நிறுவனத்திடம் மாட்டினால், மென்பொருளை மாற்றலாம், ஒட்டிய அத்தனை சில்லையும் மாற்ற முடியாது.

பாதுகாப்பை எல்லாரும் கடைசிப் பக்கத்தில் தள்ளுவார்கள், நானும் பின்னால்தான் தள்ளியிருக்கிறேன். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின்மேல் ரான்சம்வேர் (தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும்) தாக்குதல் நடந்தது. பட்டியலே இணையத்தில் இல்லாமல் போய், 2024 ஜனவரியில்தான் பார்க்க மட்டுமான வடிவில் திரும்பியது. அவர்களே வெளியிட்ட அறிக்கையில் கவனிக்க வேண்டியது: டிஜிட்டல் தொகுப்புகளின் நகல் பத்திரமாக இருந்தது, ஆனால் அதைத் திரும்ப ஏற்றி ஓட்ட சரியான கட்டமைப்பு இல்லை, பழைய மென்பொருள்கள் பல மறுபடி எழவே முடியாத நிலையில் இருந்தன. கோஹாவின் டெபியன் தொகுப்பு தினமும் தானாகவே பேக்கப் எடுக்கும், நல்லதுதான், ஆனால் அது அதே சர்வரில் கிடந்தால் என்ன பயன்? வெளியே ஒரு நகல் போக வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை வேறொரு காலி இயந்திரத்தில் ஏற்றி, ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்துப் பார்க்க வேண்டும். யார் என்ன படித்தார் என்ற வரலாற்றையும் தேவைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். புத்தகம் திரும்பி, கணக்கு முடிந்து, ஒரு கால எல்லை தாண்டியதும் பெயரை நீக்கும் வசதி கோஹாவில் இருக்கிறது. சொந்தமாக எழுதுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

தேர்வுக்கு உதவும் கேள்வி வசதிப் பட்டியலில் இல்லை என்பது என் எண்ணம். எல்லா மென்பொருளும் எல்லாம் செய்யும் என்றுதான் பட்டியலில் போட்டிருக்கும். மூன்றாம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை காலை கவுண்டரில் திரை உறைந்துவிட்டால் நூலகர் யாருக்குப் போன் செய்வார்? அந்தப் பெயர் நிரந்தரப் பணியாளர் என்றால் கோஹாவை நீங்களே நடத்தலாம். வெளி நிறுவனம் என்றால் கோஹாவுக்கே ஆதரவு தரும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுங்கள், அல்லது மேகச் சேவைக்குப் போங்கள். இறுதியாண்டு மாணவர் என்றால் மையப் பகுதியை அவர் கையில் கொடுக்காதீர்கள், அவருக்கும் அது நல்லதல்ல.

எதைத் தேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றுதான், இப்போதிருக்கும் எக்ஸெல்லைச் சுத்தம் செய்வது. ஒரே ஆசிரியர் நான்கு விதமாக இருப்பார், ஐஎஸ்பிஎன் சிலது பத்து இலக்கம் சிலது பதின்மூன்று, எக்ஸெல் அதைப் பெரிய எண்ணாக நினைத்துக் கடைசி இலக்கங்களைச் சுருக்கிக் காட்டியிருக்கும், சேர்க்கை எண்கள் சில இரண்டு முறை வந்திருக்கும். இதைச் சரிசெய்து மார்க்எடிட் என்ற கருவியில் மார்க் பதிவுகளாக மாற்றி, முதலில் ஒரே ஒரு அலமாரியை மட்டும் ஏற்றிப் பாருங்கள். அந்த அலமாரி முன்னால் நின்று பத்துப் புத்தகத்தை எடுத்துத் திரையில் தேடுங்கள், பிறகு திரையில் பத்துப் புத்தகத்தைத் தேடி அலமாரியில் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போன பிறகு மீதியை ஏற்றலாம். கவுண்டரைப் புதியதற்கு மாற்றுவதை நீண்ட விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கு முந்தைய மாதத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.